லௌரெல்: ஒரு பெயர், பல மரங்கள்



உலக நாடுகளின் உணவு பற்றிய கண்காட்சிக்கு மெக்சிகோவைத் தேர்ந்தெடுத்த ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் என்னிடம் ஓர் ஐயத்தைக் கேட்டார். மெக்சிகோ சமையற்குறிப்பு ஒன்றில் ‘பே இலை’ என்று இருக்கிறது. நம் மளிகைக் கடையில் கிடைக்கும் பிரிஞ்சி இலையை அட்டையில் ஒட்டிவிட்டால் சரியாகுமா என்பது அவர் கேள்வி. சிறிய கேள்விதான். விடை தேடப் போனபோது நான்கைந்து மரங்களும் ஐந்நூறு ஆண்டு வரலாறும் எதிரே வந்து நின்றன. வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நம் பக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழில் பிரிஞ்சி இலை என்றும் பிரியாணி இலை என்றும் நாம் சொல்வது பெரும்பாலும் இமயமலை அடிவாரத்தில் வளரும், இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் இலை. வடநாட்டார் இதைத் தேஜ்பத்தா என்பர். இலையைத் திருப்பிப் பார்த்தால் காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடும். கசக்கினால் பட்டையின் மணம் எழும். ஐரோப்பியர் ‘பே இலை’ என்று சொல்வது மத்தியதரைக் கடலோரத்து மரமொன்றின் இலை. தாவரவியலில் அதன் பெயர் லாரஸ் நோபிலிஸ். அதற்கு நடுநரம்பு ஒன்றே. மணமும் வேறு, பட்டையின் இனிப்பு அதில் இல்லை, தைலத்தின் குளிர்ச்சி இருக்கும். நம் மலாய் நண்பர்கள் வீட்டிலும் இந்தோனேசியச் சமையலிலும் வரும் ‘சாலாம்’ இலையை ஆங்கிலச் சமையல் நூல்கள் ‘இந்தோனேசிய பே இலை’ என்று எழுதிவிடுகின்றன. அது இவ்விரண்டுக்கும் உறவே இல்லாத, நாவல், கிராம்பு ஆகியவற்றின் குடும்பத்து மரம்.

இனி மெக்சிகோவுக்குச் செல்வோம்.

நம் மாணவர்களுக்கு 1511 மனப்பாடம். போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த ஆண்டு. அதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1521 ஆகஸ்டில், உலகின் மறுபுறத்தில் இன்னொரு பெருநகரம் வீழ்ந்தது. அஸ்தெக்குகளின் தலைநகரான தெனோச்டிட்லான். ஏரிக்கு நடுவே எழுந்திருந்த அந்நகரை ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தெஸ், அஸ்தெக்குகளுக்குப் பகைவராயிருந்த உள்நாட்டு மக்களின் பெரும்படையைத் துணைக்கொண்டு அழித்தான். அழிப்பதற்கு முன்னால் அவனே 1520இல் தன் அரசனுக்கு எழுதிய மடலில் அந்நகரத்துச் சந்தையை வியந்து வருணித்திருக்கிறான். நாள்தோறும் அறுபதாயிரம் பேருக்கு மேல் கூடும் சந்தை என்றும், வேர்களும் மூலிகைகளும் விற்பதற்கென்றே அங்கே தனித்தெரு உண்டு என்றும் குறித்திருக்கிறான். மணத்துக்கும் மருந்துக்கும் இலைகளை நன்கறிந்த மக்கள் அவர்கள்.

அந்த மண்ணுக்கே உரிய மண இலைகள் இன்றும் அங்கே வழக்கில் உள்ளன. எப்பசோத்தே என்னும் கீரை அவரை வகைகளோடு வேகும். அதன் பெயர் அஸ்தெக்குகளின் நாவாத்ல் மொழிச் சொல். ஓஹா சாந்தா என்றொரு பெரிய இலை இருக்கிறது. ‘புனித இலை’ என்பது பொருள். பெயர் ஸ்பானியப் பெயர், செடி உள்நாட்டுச் செடி. இலை நெஞ்சு வடிவில் வெற்றிலையைப் பெருக்கி வைத்தாற்போல் இருக்கும். இருக்காதா பின்னே? அது மிளகுக்கும் வெற்றிலைக்கும் நெருங்கிய உறவு, ஒரே இனம். அதில் மீனைப் பொதிந்து வேக வைப்பார்கள். மூன்றாவதாக அவகாடோ மரத்தின் இலை. பழத்தை நாம் அறிவோம், இலையைச் சமையலில் இடுவதை நம்மில் பலர் அறியோம். மெக்சிகோவின் அவகாடோ வகை ஒன்றின் இலையில் பெருஞ்சீரக மணம் உண்டு. ஒஹாக்கா, புவெப்லா மாநிலங்களில் அதை வாட்டிக் கறுப்பு அவரை விழுதிலும் ஆட்டிறைச்சியிலும் சேர்க்கின்றனர். இங்கே கவனிக்க வேண்டிய செய்தி, அவகாடோவும் ஐரோப்பிய பே மரமும் ஒரே தாவரக் குடும்பம் என்பது. நம் பிரிஞ்சி இலை மரமும் இலவங்கப்பட்டை மரமும்கூட அதே குடும்பந்தான்.

வந்தேறிய ஸ்பானியர் தங்கள் உணவைத் தேடினர். அமெரிக்காவில் அதுவரை இல்லாத பன்றி, மாடு, வெள்ளாடு, செம்மறி, கோதுமை, கரும்பு எல்லாம் கப்பலேறி வந்தன. அவற்றோடு அவர்களுடைய மண இலையும் வந்தது. ஸ்பானிய மொழியில் அதற்கு லௌரெல் என்று பெயர். கிரேக்கரும் உரோமானியரும் வெற்றி பெற்றவர் தலையில் சூட்டிய இலைமுடி அந்த மரத்தின் இலைகளால் ஆனதே. நோபல் பரிசு பெற்றவரை ஆங்கிலத்தில் ‘லாரியேட்’ என்று அழைப்பதும் அந்த இலையை வைத்துத்தான். உலர்ந்த பின்னும் மணம் நிற்கும் இலை என்பதால் கடல் தாண்டுவதில் அதற்குத் தடையில்லை.

இந்த இலை மெக்சிகோவின் எந்தெந்த உணவில் நுழைந்தது, எதில் நுழையவில்லை என்று பார்த்தால் வரலாறே தெரியும் என்பது என் கருத்து. சோளமாவில் செய்யும் தமாலே, சட்டியில் வேகும் அவரை போன்ற பழைய உணவுகளில் உள்நாட்டு இலைகளே ஆட்சி செய்கின்றன. காடி ஊற்றிச் செய்வது, பன்றிக் கொழுப்பில் வேக வைப்பது, ஆட்டிறைச்சியை நெடுநேரம் கொதிக்க வைப்பது என வரும்போது லௌரெல் தோன்றிவிடுகிறது. ஹலிஸ்கோ மாநிலத்து ஆட்டுக்கறிக் குழம்பான பிர்ரியாவில் அது உண்டு. மிச்சோவாக்கான் மாநிலத்துப் பன்றி வறுவலான கார்னித்தாஸிலும் உண்டு. வெரக்ரூஸ் துறைமுகத்தின் புகழ்பெற்ற செம்மீன் குழம்பில் தக்காளி, ஒலிவக் காய், கேப்பர் மொட்டு ஆகியவற்றோடு இரண்டு மூன்று லௌரெல் இலைகள் கிடக்கும். கோர்த்தெஸ் 1519இல் கரையிறங்கிய இடம் அந்த வெரக்ரூஸ்தான் என்பதை நினைவிற் கொள்க. காய்கறிச் சந்தையில் லௌரெல், தைம், மார்ஜோரம் மூன்றையும் சிறு கட்டாகக் கட்டி ‘மணப்பூண்டுகள்’ என்னும் பொருள்பட விற்கிறார்கள். நம் சந்தையில் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் ஒரே கட்டாகக் கிடைப்பதைப் போல.

இவற்றுள் மிளகாய் ஊறுகாயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பேரங்காடிகளில் புட்டியில் விற்கும் ஹலப்பேனியோ மிளகாயைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதை மெக்சிகோவில் எஸ்கபேச்சே என்னும் முறையில் ஊற வைக்கிறார்கள். மிளகாய், சிவப்பு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றை எண்ணெயில் லேசாக வதக்கி, காடி ஊற்றி, லௌரெல், தைம், மார்ஜோரம், முழு மிளகு சேர்த்துக் கொதிக்க வைத்து ஆறவிடுவது. நம் நாட்டு அச்சாரைச் சாப்பிட்டவர்களுக்கு இது அயல்வீட்டு உணவாகத் தோன்றாது. எஸ்கபேச்சே என்னும் சொல் ஸ்பானியருடையதாகத் தோன்றினாலும் அதன் வேர் பாரசீகத்திலும் அரபியிலும் இருக்கிறது. ‘சிக்பாஜ்’ என்பது காடி சேர்த்துச் சமைத்த இறைச்சி உணவு. 711இல் ஸ்பெயினுக்குள் புகுந்த முஸ்லிம் ஆட்சி 1492இல் கிரனாடா வீழும்வரை ஏதோ ஒரு பகுதியில் நீடித்தது. அக்காலத்தில் அச்சொல் ஸ்பானிய நாவில் ஏறியது. ஆகவே அந்த ஒரு புட்டிக்குள் மெக்சிகோ மிளகாய், அரபியர் முறை, மத்தியதரைக் கடல் இலை, போதாததற்கு நம் சேர நாட்டு மலையில் பிறந்த மிளகு எல்லாம் சேர்ந்து ஊறுகின்றன.

வென்றவர் உணவு வந்தது சரி. தோற்றவர் அறிவு என்ன ஆயிற்று? ஆசிரியர்கள் இந்தப் பகுதியை நின்று படிக்க வேண்டுகிறேன்.

1536இல், நகரம் வீழ்ந்த பதினைந்தாம் ஆண்டில், பழைய சந்தை இருந்த த்லாத்தெலோல்கோவில் பிரான்சிஸ்கன் துறவியர் ஒரு கல்லூரியைத் தொடங்கினர். சாந்தா குரூஸ் கல்லூரி என்பது பெயர். மாணவர்கள் உள்நாட்டுத் தலைவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு இலத்தீன், இலக்கணம், தருக்கம், இசை எல்லாம் கற்பிக்கப்பட்டன. இவர்களுக்கு இலத்தீன் எதற்கு என்று குடியேறிய ஸ்பானியரிடையே எதிர்ப்பும் எழுந்தது. (தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம் அல்லவா?) அந்தக் கல்லூரியில் மார்த்தீன் தெ லா குரூஸ் என்ற உள்நாட்டு மருத்துவர் தாம் அறிந்த மூலிகைகளையெல்லாம் தம் தாய்மொழியில் சொல்ல, ஹுவான் பதியானோ என்ற உள்நாட்டு ஆசிரியர் அதை இலத்தீனில் பெயர்த்தார். 1552இல் முடிந்த அந்நூலில் செடிகள் வண்ணப் படங்களாக, வேரோடும் நாவாத்ல் பெயரோடும் நிற்கின்றன. அந்தக் கையெழுத்துப் படி ஐரோப்பாவுக்குப் போய் வாத்திக்கன் நூலகத்தில் நெடுங்காலம் கிடந்தது. 1990இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அதை மெக்சிகோவுக்குத் திருப்பித் தந்தார்.

அதே கல்லூரியில் ஆசிரியராயிருந்த பெர்னார்தினோ தெ சஹாகூன் என்னும் துறவி, தம் உள்நாட்டு மாணவர்களைக் கொண்டு முதியோர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதுவித்தது பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்ட மாபெரும் நூல். பக்கத்தின் ஒரு பத்தியில் நாவாத்ல், மறு பத்தியில் ஸ்பானியம். பதினோராம் தொகுதி முழுவதும் விலங்கு, பறவை, மரம், செடி, கல் ஆகியவற்றைப் பற்றியது. 1545ஆம் ஆண்டுக் கொள்ளை நோயில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை அடக்கம் செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். நூலின் இறுதிப்படி எழுதப்பட்ட 1576இல் மீண்டும் கொள்ளை நோய். எழுதிய கைகளும் படம் வரைந்த கைகளும் நோய்க்கு நடுவில்தான் வேலை செய்தன. அந்நூல் இன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் இருக்கிறது.

மூன்றாமவர் பிரான்சிஸ்கோ எர்னாண்டஸ். ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் மருத்துவர். 1571 முதல் 1577 வரை மெக்சிகோவில் சுற்றி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளைப் பதிந்தார். உள்நாட்டு மருத்துவர்களிடம் கேட்டு, அவர்கள் இட்ட பெயரிலேயே எழுதினார். செடியின் பெயரில் அதன் குணமும் வடிவும் அடங்கியிருப்பதை அவர் கண்டுகொண்டார் போலும். அவர் கையெழுத்துப் படிகள் 1671இல் எஸ்கோரியல் மாளிகைத் தீயில் எரிந்தன. படிகளிலிருந்து பிறர் எடுத்து வைத்திருந்தவை தப்பின.

இவ்வளவு எழுதப்பட்டும் தெருவில் வழங்கும் பெயரை முடிவு செய்தவர்கள் அறிஞர்கள் அல்லர். மெக்சிகோவின் மலைக்காடுகளில், கருவாலியும் பைனும் வளரும் ஈரமான பள்ளங்களில், ஒரு சிறுமரம் உண்டு. இலை ஒடுங்கி நீண்டு, மெல்லியதாக, அடிப்புறம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். கசக்கினால் ஐரோப்பிய லௌரெலை நினைவூட்டும் மணம், அதைவிட மென்மையாக எழும். பார்த்த ஸ்பானியர் அதையும் லௌரெல் என்றே அழைத்தனர். பெயர் ஒட்டிக்கொண்டது. ஹம்போல்ட்டும் போன்பிளானும் 1803-1804இல் மெக்சிகோவில் பயணம் செய்து திரட்டிய செடிகளை ஆராய்ந்த கார்ல் குந்த், பின்னர் அதற்கு லிட்சியா கிளாசெசென்ஸ் என்று அறிவியல் பெயர் சூட்டினார். லிட்சியா இனத்து மரங்கள் நம் மலேசியக் காடுகளிலும் நிறைய உண்டு. மரக்கடைகளில் ‘மெடாங்’ என்று விற்கும் பலகையில் அவையும் அடங்கும்.

புதிய பொருளுக்குப் பழைய பெயரை இடுவது ஸ்பானியருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. மிளகாய் என்ற நம் சொல்லையே பாருங்கள். மிளகைப் போல் உறைக்கும் காய். அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்த காயை நம் முன்னோர் தங்களுக்குத் தெரிந்த மிளகோடு சேர்த்துப் பெயரிட்டுவிட்டனர். மலாய்க்காரர்களின் ‘சிலி’ மட்டும் நாவாத்ல் மொழியின் பழைய சொல்லை ஆங்கிலத்தின் வழியே காப்பாற்றி வைத்திருக்கிறது. நாம் இட்ட பெயரால் எந்த மரத்துக்கும் தீங்கில்லை. மெக்சிகோவில் நடந்தது வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இடையில் ஒரு செய்தி. 1565 முதல் 1815 வரை ஸ்பானியரின் பெருங்கப்பல்கள் மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே ஓடின. பிலிப்பைன்ஸ் மெக்சிகோவிலிருந்துதான் ஆளப்பட்டது. அதனால் காடியிலும் பூண்டிலும் வேகும் பிலிப்பைன்ஸ் அடோபோவில் இன்றும் லௌரெல் இலை கிடக்கிறது. பெயரும் ஏறக்குறைய அதே. இலங்கையின் கறுவாவோ இன்றளவும் மெக்சிகோவுக்குப் பெருமளவில் போகிறது. அங்கே சாக்லெட் பானத்திலும் மண்பானைக் காப்பியிலும் இடுவது நயமான இலங்கைப் பட்டையைத்தான்.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லௌரெல் என்ற பெயர் மெக்சிகோவில் இன்னும் சில மரங்களுக்கும் உண்டு. ஒஹாக்கா நகரச் சதுக்கத்தில் நிழல் தரும் ‘இந்திய லௌரெல்’ ஆலமரத்தின் இனம். சமையலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைவிட, ‘ரோசா லௌரெல்’ என்று அழைக்கப்படுவது நம் அரளி! கொடிய நஞ்சு. பெயரை மட்டும் பார்த்து, தோட்டத்தில் இருப்பதைப் பறித்து, குழம்பில் போடும் வேலை வேண்டாம். உணவுக்கான இலையைக் கடையில் வாங்குவதே நல்லது. ஒரு சட்டிக்கு இரண்டு மூன்று இலை போதும். பரிமாறும் முன் எடுத்துவிட வேண்டும். எவ்வளவு வெந்தாலும் அந்த இலை மிருதுவாகாது, பிள்ளைகளின் தொண்டையில் குத்தும். மூன்று நரம்புள்ள நம் பிரிஞ்சி இலையைப் போட்டால் உணவு கெட்டுப்போகாது, ஆனால் பிரியாணி வாசம் வந்துவிடும். அதைவிடப் போடாமலே விடலாம் என்பேன்.

இனி அந்த மலைக்காட்டுச் சிறுமரம். இலைக்காகவும், வயிற்று வலிக்கான கஷாயத்துக்காகவும் மக்கள் அதைக் காலங்காலமாகப் பறித்துவந்தனர். பெரிய அழிவு குருத்தோலை ஞாயிற்றால் வந்தது. கிறித்துவர்களின் புனித வாரத்தின் முதல் நாளாகிய அன்று, மெக்சிகோவில் பின்னிய குருத்தோலையோடு லௌரெல் கிளையையும் சேர்த்துக் கட்டி ஆலயத்துக்கு எடுத்துச் செல்வது வழக்கம். ஐரோப்பாவில் வெற்றிக்கு அறிகுறியாயிருந்த இலை அல்லவா? பெயர் ஒன்றாயிருந்ததால் அந்தச் சிறப்பு இந்த மரத்தின் தலையிலும் விழுந்தது. இலையைக் கிள்ளினால் மரம் மீண்டும் தளிர்க்கும். கிளையோடு ஒடித்தால் அதில் வரவேண்டிய பூவும் காயும் போய்விடும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்றிருக்கும் இனம் இது. ஆகவே அருகருகே இரண்டும் நிற்காவிட்டால் விதையும் இல்லை. ஆண்டுதோறும் ஒரே வாரத்தில், காட்டிலிருந்து கிளை கிளையாக வெட்டி நகரங்களுக்கு இறக்கினர். மெக்சிகோ அரசு 2010இல் வெளியிட்ட பட்டியலில் அம்மரத்தை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. அப்பட்டியலில் உள்ள மரத்தை இசைவின்றிக் காட்டில் வெட்டி விற்பது குற்றம்.

வாங்குபவருக்கோ அது தெரிவதில்லை. தட்டியில் லௌரெல் என்று எழுதியிருக்கும். அது தோட்டத்தில் வளர்த்த ஐரோப்பிய இலையா, காட்டில் ஒடித்த மெக்சிகோ இலையா என்பதைப் பெயர் காட்டாது. இலையின் அகலத்தையும் தடிப்பையும் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆலயக் கட்டுகளில் ரோஸ்மேரியும் சீமைச்சாமந்தியும் சேர்ப்பது அங்கே முன்பே உள்ள வழக்கம். அவை வீட்டுத் தொட்டியிலேயே வளரும்.